வழுவமைதி பெற்ற வீரர்

குத்துச்சண்டைக் களத்தில் வாகை சூடியோர் பலர். ஆண்டு பல கடந்தும் மக்கள் நாவில் நிலைத்து நிற்போர் மிகச் சிலரே. அச்சிலருள் முதற்கண் வைத்து எண்ணப்படுபவர் அமெரிக்க நாட்டு முகம்மது அலி. 2016 ஆம் ஆண்டு சூன் திங்களில் அவர் மறைந்தார். அவர் பெயர் மறையவில்லை. திண்டுக்கல் கடைவீதியில் தொங்கும் பனியன்களிலும் அவர் உருவத்தைக் காணலாம். அவர் களமாடியதை ஒருமுறையேனும் கண்டிராத இளைஞரும் அவற்றை விரும்பி வாங்குகின்றனர். இத்துணைப் புகழ் அவருக்குத் தகுமா? அன்றி, ஓயாது பேசிய வாயும் ஓயாது ஆடிய காலும் கூடி எழுப்பிய ஆரவாரந்தானா இது?

தமிழாசிரியனுக்குக் குத்துச்சண்டையில் என்ன வேலை என்று நீவிர் நகைக்கலாம். ஆமூர் மல்லனைப் போரவைக் கோப்பெருநற்கிள்ளி பொருது வென்றபோது, அவனுடைய ஒரு கால் எங்கே நின்றது, மற்றொரு கால் எங்கே சென்றது என நுணுகிக் கண்டு பாடியவர் சாத்தந்தையார் என்னும் புலவர். அப்பாட்டு புறநானூற்றில் உள்ளது. சான்றோர் பார்வைக்கு விலக்காகாத பொருள் எனக்கும் விலக்காகாது.

நம் வட்டாரத்துச் சிலம்பாசான்கள், மாணவன் கையில் கோலைத் தருவதற்கு முன்னர்க் காலடி வைக்கும் முறையைப் பயிற்றுவர். குத்துச்சண்டை ஆசான்களும் அத்தகையோரே. இரு கைகளையும் முகத்திற்குக் காவலாக உயர்த்து. எதிரியின் கை வரும்போது தலையைப் பக்கவாட்டில் விலக்கு, நேர் பின்னே சாய்க்காதே. விலாவையும் வயிற்றையும் தாக்கி எதிரியைத் தளரச்செய் என்பன அவர்தம் இலக்கணம். அலி இம்மூன்றையும் மீறினார். கைகளை இடுப்பளவில் தொங்கவிட்டார். தலையைப் பின்னே சாய்த்தார். உடலைத் தாக்குவதை அரிதாகவே செய்தார். களத்தைச் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டே முகத்தில் குத்தினார். முதியோர் முகஞ்சுளித்தனர்.

அவர்கள் சினந்தது வீணன்று. 1963 இல் இலண்டன் மாநகரில் ஹென்றி கூப்பர் என்பவர் இடக்கையால் வீசிய ஒரு குத்து, அலியைத் தரையில் வீழ்த்தியது. 1971 இல் நியூயார்க்கில் ஜோ பிரேசியரின் இடக்கைக் குத்தும் பதினைந்தாம் சுற்றில் அவரை வீழ்த்தியது, போரிலும் தோற்றார். காவலின்றிக் கையைத் தாழவிட்டவர்க்கு நேரக்கூடியது இதுவே என்று ஆசான்கள் முன்பே கூறியிருந்தனர்.

மாணவர்களே, வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் மூன்றையும் நீவிர் இலக்கண வகுப்பிற் கற்றிருப்பீர். வழுவாயினும் தக்க காரணம் ஒன்று பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. ஆவினை உவகையால் ‘அம்மை வந்தாள்’ எனின் அமைப்போம். காரணம் நீங்கின் அதுவே வழுவாகிவிடும். அலியின் ஆட்டமும் அத்தகையதே. அவரை அமைத்த காரணம் இரண்டு: மின்னெனக் காணும் கண், அதனினும் விரைந்து நீங்கும் கால். எடை மிக்க வீரர் பிரிவில் அத்தகைய கால் அதுவரை அரிதாயிருந்தது. ஆகவே அவர் புதுவிதி வகுத்தார் என்று புகழ்வது பிழை. விதி அவ்வாறே இருக்கிறது. அவர் ஒருவர்க்கு அது நெகிழ்ந்து கொடுத்தது.

இனி அவருடைய நாவைப் பற்றிய வழக்கு. காசியஸ் கிளே என்பது அவர் இயற்பெயர்; 1942 இல் கென்டகி மாநிலத்து லூயிவில் நகரில் பிறந்தவர். பன்னிரண்டாம் வயதில் தம் மிதிவண்டி களவுபோனதை முறையிடச் சென்றபோது, குத்துச்சண்டை பயிற்றும் காவலர் ஒருவரைக் கண்டு அவர்பால் அக்கலை பயின்றார். 1960 இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் பொற்பதக்கம் பெற்றார். 1964 இல், எவரும் அஞ்சிய சானி லிஸ்டனை எதிர்க்கப் புகுந்தபோது, தாமே யாவரினும் பெரியவர் என்று ஊரறியப் பறைசாற்றினார். பந்தயக்காரர் ஏழுக்கு ஒன்று என்று அவருக்கு எதிராகவே பணம் வைத்தனர். ஏழாம் சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் இருக்கையை விட்டு எழவில்லை.

தற்புகழ்ச்சி இழிந்தது என்பது நம் மரபு. ஆயினும் பவணந்தி முனிவர் நன்னூலில் அதற்கும் நான்கு இடங்களில் இசைவு அளித்துள்ளார். தன் ஆற்றலை அறியாதாரிடையே நிற்கும்போதும், மாற்றான் தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழ்தல் தகும் என்பன அவற்றுள் இரண்டு. போர்க்களத்து வீரன் தன் ஆற்றலைத் தானே கூறுதலை நெடுமொழி என்று புறப்பொருள் நூலாரும் ஒரு துறையாகவே வைத்தனர். லிஸ்டனுக்கு முன் நின்ற இருபத்திரண்டு வயது இளைஞர்க்கு இவ்விசைவு முற்றும் பொருந்தும்.

பிரேசியரிடத்தில் அது பொருந்தாது. அலி களமாடத் தடையுற்றிருந்த நாளில் அவருக்காகப் பரிந்து பேசியவர் பிரேசியர். அவரையே இனத்திற்கு இரண்டகம் செய்தவர் என்றும், குரங்கினத்து விலங்கு என்றும் அலி பலரறிய எள்ளினார். 2001 இல் அதற்கு வருந்தியதாகச் செய்தித்தாள் ஒன்றில் தெரிவித்தார். அவ்வருத்தம் வர ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. அலியின் அன்பர்கள் இதனை விரைந்து கடந்துவிடுகின்றனர், நான் கடக்கமாட்டேன்.

அங்ஙனமாயின் அவர் புகழ் எதன்மேல் நிற்கிறது? வெற்றிக் கணக்கின்மேல் என்றால் வழக்குத் தோற்கும். ஜோ லூயிஸ் தம் பட்டத்தை இருபத்தைந்து முறை காத்தவர். ராக்கி மார்சியானோ நாற்பத்தொன்பது போரிலும் தோலாதவர். அலியோ அறுபத்தொன்றில் ஐந்து தோற்றார். திண்டுக்கல்லிற் பூட்டு வாங்க வருவோருள் விவரம் அறிந்தவர் மேற்பூச்சின் பளபளப்பைப் பாரார். உள்ளிருக்கும் தகடுகள் எத்தனை, சாவி திரும்புங்கால் அவை எங்ஙனம் இயங்குகின்றன என்றே கேட்பர். அலியையும் அவ்வாறே திறந்து பார்த்தல் வேண்டும்.

1967 இல் வியட்நாம் போருக்கெனப் படையிற் சேர அரசு அழைத்தது. தம் சமயக் கொள்கைக்கு அது மாறு என்று கூறி மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது; ஐந்தாண்டுச் சிறையும் பதினாயிரம் டாலர் தண்டமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டினால் சிறை புகாது வெளியில் இருந்தார். எனினும் மூன்றரை ஆண்டுகள் களமேற இயலவில்லை. உயர்நீதி வழங்கும் பேரவை மன்றம் 1971 இல் அத்தீர்ப்பை நீக்கிற்று. நீதி மீண்டது; இருபத்தைந்து வயதின் கால்கள் மீளவில்லை. தம் ஆட்டத்துக்கு அமைதி தந்த காரணத்தையே அவர் விலையாகக் கொடுத்துவிட்டார்.

அதன்பின் நிகழ்ந்ததே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 1974 அக்டோபரில் ஆப்பிரிக்காவின் கின்சாசா நகரில் ஜார்ஜ் போர்மனை எதிர்த்தார். போர்மனுக்கு வயது இருபத்தைந்து. பிரேசியரை இரண்டே சுற்றில் சாய்த்தவர். அலிக்கு முப்பத்திரண்டு. ஆடி விலகும் வலிமை தம்பால் இல்லை என்பதை அவர் அறிந்தார். கயிற்றில் சாய்ந்து, கைகளால் முகத்தைக் காத்து, அடிகளை வாங்கினார். எந்தக் கைகளை உயர்த்துமாறு ஆசான்கள் கூறினரோ அவற்றையே இப்போது உயர்த்தினார். போர்மன் அடித்தடித்துக் களைத்தார். எட்டாம் சுற்றில் அலி அவரை வீழ்த்தினார். பகட்டு முழுதும் கழிந்தபின் எஞ்சிய உரத்தினால் பெற்ற வெற்றி இது.

ஆதலின் அவர் புகழ் தகும் என்பதே என் துணிபு. பனியனில் அச்சிடப்படும் படமோ, வாய்பேசி ஆடும் இளைஞர் அலியுடையது. நான் தீட்டுவதாயின் கயிற்றிற் சாய்ந்து நிற்கும் அலியைத் தீட்டுவேன்.

1980 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸ் என்பவரோடு காட்சிப் போர் ஆடினார். தமிழ் மக்கள் திரண்டு கண்டு களித்தனர். அன்றோடு கையுறையைக் கழற்றியிருக்கலாம். அவர் கழற்றவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸ் என்பவரிடம் பத்துச் சுற்றுகள் அடிபட்டு, பதினோராம் சுற்றுக்கு எழாமல் இருக்கையிலேயே அமர்ந்திருந்தார். பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர் லிஸ்டன் அமர்ந்திருந்ததும் அவ்வாறே.