என்னிடம் காசு வாங்காதீர்கள்



இங்கிலாந்தில் பகல் இரண்டு மணிக்கு ஒரு குதிரை ஓடினால், அங்கே கோடைகாலம் என்றால் நமக்கு மாலை ஆறரை. குளிர்காலம் என்றால் ஏழரை. கந்தப்பளையில் அந்த நேரத்துக்கு வேலை முடிந்து, கை கால் கழுவி, பஸ் பிடித்து டவுனுக்கும் வந்தாயிற்று. நம் ஆட்களின் ஓய்வு நேரம் பார்த்துத்தான் குதிரைகளை அவிழ்த்துவிடுகிறார்களோ என்று சில வேளை தோன்றும். ஏப்ரலில் நுவரெலியாத் திடலில் நடக்கும் பந்தயத்தின் கதை வேறு. அது தொப்பியும் உடுப்புமாகக் கொழும்புக்காரர்கள் வந்துபோகும் திருவிழா. புக்கி எனும் பந்தயக் கடையில் ஆண்டு முழுவதும் டிவியில் ஓடுவது பெரும்பாலும் இங்கிலாந்துக் குதிரைதான். அந்த ஊர்ப் பெயரை உச்சரிக்க நமக்கு நாக்கு வராது. ஆனால், அங்கே மழை பெய்தால் எந்தக் குதிரை பின்வாங்கும் என்பது நம் அண்ணன்மாருக்கு அத்துப்படி.

கந்தப்பளைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கச்சி தன் கணவரைப் பற்றி எழுதியிருக்கிறார்: “அவுங்களுக்குப் போகக் கூடாதுன்னு தெரியுமுங்க. பத்தாம் திகதி காலையில புள்ள தலையில கை வச்சு சத்தியம் பண்ணுவாங்க. அன்னைக்குப் பொழுது சாயக் காசு இருக்காது. என் தோடு அடகுல கெடக்கு. புக்கியில நானே போய், இவருகிட்ட காசு வாங்காதீங்கன்னு சொன்னா கேப்பாங்களா?”

கேட்பார்களா என்பதற்கு வருகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தங்கச்சி: நீங்கள் கேட்டது அசட்டுக் கேள்வியே இல்லை. பல நாடுகளில் அது சட்டமாகவே இருக்கிறது. ஒரே வித்தியாசம், அங்கே பெரும்பாலும் ஆடுகிறவரே போய், “என்னிடம் காசு வாங்காதீர்கள்” என்று எழுதிக் கொடுக்கிறார். சுயவிலக்கு என்று சொல்லலாம். அமெரிக்காவின் மிசூரி மாநிலம் 1996-இல் இப்படியொரு பட்டியலைத் தொடங்கியது. பெயர் கொடுத்தவர் பிறகு கசினோவுக்குள் கால் வைத்தால், அத்துமீறி நுழைந்ததாக வழக்கு. நம் புக்கிக் குதிரைகள் ஓடும் பிரித்தானியாவிலும் இது உண்டு. பந்தயக் கடையில் படிவம் நிரப்பிப் படம் கொடுத்தால், சுற்றுவட்டாரக் கடைகளுக்கெல்லாம் தகவல் போகும். ஃபோனில் ஆடுகிறவர்களுக்கு 2018-இல் ‘கேம்ஸ்டொப்’ வந்தது. ஒருமுறை பதிந்தால் போதும். 2020 மார்ச் 31 முதல், உரிமம் பெற்ற எல்லா இணையச் சூதாட்ட நிறுவனங்களும் கதவை அடைத்தே ஆக வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று காலத்தை நாமே தெரிந்தெடுக்கலாம். இடையில் மனம் மாறிக் கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள். அதே ஓட்டத்துக்கு அங்கே பணம் கட்டுகிறவனுக்கு இந்த வசதி இருக்கிறது. நுவரெலியாவிலோ ஹட்டனிலோ புக்கிக் கவுன்டரில் இப்படியொரு படிவத்தை நான் கண்டதில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் புத்தி, நமக்குச் சரிவராது என்பவர்கள் கார்த்திகை மாதத்து லயத்தை நினைத்துப் பார்க்கட்டும். ஐயப்பனுக்கு மாலை போட்டவரிடம் யாராவது கிளாஸை நீட்டுகிறார்களா? நேற்றுவரை தோளில் கை போட்டுத் தவறணைக்கு இழுத்துப்போன கூட்டாளியே, “சாமி, நீங்க போங்க சாமி” என்று வழிவிடுகிறான். ஒரு மண்டலம் அந்த மனிதர் குடிக்காமலிருப்பதில் அவருடைய வைராக்கியம் பாதி என்றால், சுற்றியிருப்பவர்கள் கொடுக்காமலிருப்பது மறுபாதி. சுயவிலக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் மாலை கழற்றிய அன்றைக்கே கணக்கை நேர்செய்கிறவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். கேம்ஸ்டொப்பில் அது நடக்காது. தவணை முடிந்தாலும் கதவு தானாகத் திறப்பதில்லை. வேண்டுமென்று கேட்டால்தான், அதற்கும் ஒரு நாள் பொறுத்தால்தான்.

சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேலே. 2010-இல் அங்கே இரண்டு கசினோக்கள் வந்தன. அங்கு தானே விலகலாம் என்பதோடு, மனைவியோ பெற்றோரோ பிள்ளையோ விண்ணப்பித்து ஒருவரை விலக்கி வைக்கவும் வழி உண்டு. அதிகாரிகள் இரு பக்கத்தையும் விசாரித்துத்தான் முடிவெடுப்பார்கள். வேலைக்குப் போன வெளிநாட்டவரும் பெயர் பதியலாம். உங்கள் பிள்ளைகள் யாராவது அங்கிருந்தால் சொல்லி வையுங்கள். மனைவியின் சம்பளத்தையும் கணவனே வாங்கிப்போகும் வழக்கம் நெடுங்காலம் இருந்த தோட்டங்களுக்கு, இந்தக் குடும்ப வழிதான் மிகவும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

ஓட்டைகளும் உண்டு. பெருநகரத்துக் கடையில் படத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காண்பது லேசான காரியமில்லை. இந்தக் கடையில் விடாவிட்டால் பஸ் ஏறி அடுத்த ஊர்க் கடை. உரிமமில்லாத வெளிநாட்டு ஆப்புகளுக்கோ எந்தப் பட்டியலும் பொருட்டில்லை. முதல் சங்கடம் நமக்குக் கிடையாது. கவுன்டரில் இருக்கும் தம்பிக்கு, வருகிறவர் எந்தத் தோட்டம், யார் மகன், எத்தனை பிள்ளை என்பதெல்லாம் தெரியும். அதே காரணத்தால் நம்மிடம் வெட்கமும் பெரிது. பெயர் கொடுத்தது மறுநாளே பீலிக்கரைப் பேச்சாகிவிடும் என்ற பயம். ஆனால் சூதாட்டத்துக்கு அடிமையாவதை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போக வெட்கப்படுகிறோமா என்ன?

2025-இல் நம் பாராளுமன்றம் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபைக்கான சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு கொழும்பில் பெரிய கசினோ ஒன்றும் திறந்தது. பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். உள்நாட்டவர் அங்கே நுழைவதற்கே டொலர் கணக்கில் வரி. தோட்டத்து நாட்சம்பளக்காரருக்கு அந்த வாசல் எங்கே, இவர் எங்கே? அதிகாரசபை விதி எழுதும்போது ஹட்டன் புக்கியையும் கையிலிருக்கும் ஃபோனையும் மனதில் வைக்கட்டும். படிவம் தமிழிலும் இருக்கட்டும். லொத்தரை என்ன செய்வது என்று கேட்காதீர்கள். அதை நடத்துவது அரசாங்கமே.

சரி, தங்கச்சி, அதுவரை? நீங்கள் தனியே போக வேண்டாம். நிதானமாக இருக்கும் ஒரு காலையில் அவரையும் கூட்டிக்கொண்டு, அவர் மதிக்கும் ஒரு பெரியவரோடு போங்கள். “ஆறு மாதத்துக்கு என்னிடம் வாங்காதீர்கள்” என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். சட்டம் கையில் இல்லாததால் கடைக்காரர் மறுக்கலாம், சிரிக்கவும் செய்யலாம். அதனால் பேங்க் கார்டும் உங்களிடம் இருக்கட்டும், ஃபோனிலுள்ள ஆப்பை அவரே அழிக்கட்டும். 1926-ஐ அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

இப்படி யாராவது கவுன்டரில் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கடைக்காரர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். புக்கி நடத்துகிறவர்களும் எழுதலாம். ஊரும் பெயரும் போடாமல் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்