கிளீனர் என்று வருவதுதான் குப்பை

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் படியுங்கள்.

இந்த ஒரு மாதத்தில் ஐந்தாறு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "சார், ஊரில் அப்பாவோட கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ. எந்த கிளீனர் வாங்கிப் போடலாம்?" சென்னையிலிருந்து ஒருவன், சிங்கப்பூரிலிருந்து ஒருத்தி, துபாயிலிருந்து என் ஒன்றுவிட்ட தம்பி மகன். அதற்கு நம் குரூப்பிலேயே ஒரு பதில்: "பழசைத் தூக்கிப் போடச் சொல்லு, புதுசு வாங்கிக் கொடு." பதில் சொன்னவன் பெங்களூரில் மென்பொருள் கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவன். என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்தவன்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். கேள்வியும் தப்பு, பதிலும் தப்பு. கிளீனர் என்பது ஏமாற்று. தூக்கிப் போடு என்பது சோம்பேறித்தனம்.

முதலில் ஏமாற்றைப் பார்ப்போம். இலவசம் என்று ஒரு கிளீனரை இறக்குகிறீர்கள். அது இரண்டு நிமிடம் ஸ்கேன் செய்கிறது. பிறகு சிவப்பு எழுத்தில் "1,347 கோளாறுகள்" என்று காட்டுகிறது. சரிசெய்யப் பணம் கட்டு என்கிறது. அந்த 1,347 என்ன என்று யாராவது பிரித்துப் பார்த்தீர்களா? பாதி, நீங்கள் பார்த்த இணையதளங்கள் விட்டுப்போன குக்கீகள். மீதி, ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும் பழைய குறிப்புகள். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸின் பெரிய பேரேடு, லட்சக்கணக்கான வரிகள் உள்ளது. அதில் செத்துப்போன ஆயிரம் வரிகளை அடித்துவிட்டால் கணினி ஓடிவிடும் என்பது, கடைப் பேரேட்டில் பழைய பற்று வரவைக் கிழித்தால் வியாபாரம் பெருகும் என்பது மாதிரி. தப்பான வரியைக் கிழித்தால் கணினி எழுந்திருக்காது, அது வேறு. விண்டோஸைச் செய்த மைக்ரோசாப்டே ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை ஆதரிப்பதில்லை என்று எழுதி வைத்திருக்கிறது. 2018 மார்ச் 1 முதல், இப்படிப் பயமுறுத்திக் காசு கேட்கும் மென்பொருள்களை 'வேண்டாத மென்பொருள்' என்று வகைப்படுத்தித் தன் டிஃபெண்டரை வைத்தே நீக்குகிறது.

"பெரிய கம்பெனி செய்தால் நம்பலாமே சார்" என்கிறீர்கள். சரி, அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ என்று ஒரு பெரிய கடைத் தொடர். கணினியைக் கொண்டுவந்தால் இலவசமாக உடல்நலப் பரிசோதனை செய்து தருகிறோம் என்றார்கள். சப்போர்ட்.காம் என்ற கம்பெனியின் மென்பொருள் அது. ஆரம்பத்தில் நான்கு கேள்வி: கணினி மெதுவாக இருக்கிறதா, வைரஸ் எச்சரிக்கை வந்ததா, இந்த மாதிரி. நான்கில் ஒன்றுக்கு 'ஆம்' என்று டிக் அடித்துவிட்டால் போதும், ஸ்கேனில் எதுவுமே சிக்காவிட்டாலும் வைரஸ் அறிகுறி இருக்கிறது என்று முடிவு வந்துவிடும். ஆக, ஸ்கேன் ஓடியதே கண்துடைப்பு. மெதுவாக இல்லாவிட்டால் யார் கடைக்குக் கொண்டுவரப் போகிறார்கள்! நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து மக்கள் ரிப்பேர் செய்துகொண்டார்கள். 2019 மார்ச்சில் அமெரிக்க வர்த்தக ஆணையம் பிடித்தது. ஆபீஸ் டிப்போ 2.5 கோடி டாலர், சப்போர்ட்.காம் 1 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள். பரீட்சைத் தாளைப் பார்க்காமலே ஃபெயில் போட்டு, டியூஷன் பீஸ் வாங்கிய வாத்தியாரை நீங்கள் என்ன செய்வீர்கள்?

சிசிளீனர் கதையும் தெரிந்துகொள்ளுங்கள். இது நிஜமாகவே வேலை செய்த, கோடிக்கணக்கானோர் நம்பிய மென்பொருள். 2017இல் அதன் 5.33 பதிப்பை உருவாக்கும் இடத்துக்குள்ளேயே திருடர்கள் புகுந்து கெட்ட நிரலைச் சேர்த்துவிட்டார்கள். கம்பெனியின் சொந்தக் கையெழுத்தோடு வெளியே வந்தது. சுமார் 22.7 லட்சம் கணினிகளில் ஏறிய பிறகு, ஒரு மாதம் கழித்து செப்டம்பரில்தான் வெளியே தெரிந்தது. கூட்டிப் பெருக்க வைத்த ஆள் கையிலேயே வீட்டுச் சாவி இருந்த கதை.

இவையெல்லாம் போக, கிளீனர் தானே ஒரு பாரம். கணினியைப் போட்டவுடன் அதுவும் எழுந்து, பின்னால் ஓடிக்கொண்டே இருந்து, நினைவகத்தைத் தின்று, நாளுக்கு நாலு முறை கூவுகிறது. ஊருணியைத் தூர்வார வந்தவன் கரையிலேயே குடிசை போட்டு, அதே தண்ணீரில் துணி துவைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

இதைவிடக் கொடுமை ஒன்று நம் பக்கத்தில் நடந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில், பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சி. பேரனோடு ஸ்கைப்பில் பேசத் தொடங்கிய காலத்திலிருந்து கணினி வைத்திருக்கிறார். ஒருநாள் திரை முழுக்கச் சிவப்பு, 'உங்கள் கணினி பூட்டப்பட்டது' என்று அலறும் குரல், கீழே ஒரு போன் நம்பர். ஆச்சி கூப்பிட்டுவிட்டார். மரியாதையாகப் பேசி, ஒரு செயலியை இறக்கச் சொல்லி, எங்கிருந்தோ மவுஸை நகர்த்திக் காட்டி, மூன்று வருடப் பாதுகாப்பு என்று ரூ. 4,800 வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஆச்சி இதை மகனிடம் சொல்லவே இல்லை. "திட்டுவான் சார்" என்றார். பணத்தைவிட எனக்கு அந்த வார்த்தைதான் உறைத்தது.

அந்தச் சிவப்புத் திரை வைரஸே இல்லை. சாதாரண இணையப் பக்கம், முழுத் திரைக்கு விரிந்து நிற்கிறது, அவ்வளவுதான். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி பிரவுசரை மூடலாம். அதுவும் வரவில்லையா, பவர் பொத்தானை விடாமல் அழுத்தி அணைத்துவிடுங்கள். எந்த உண்மையான எச்சரிக்கையிலும் போன் நம்பர் இருக்காது. பணம் போய்விட்டால் உடனே 1930. இந்த மாதிரி கால் சென்டர்கள் நம் நாட்டிலேயே நடக்கின்றன என்பது வெட்கக்கேடு. 2023 அக்டோபரில் சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா-2' என்று பல மாநிலங்களில் சோதனை போட்டபோது, மைக்ரோசாப்டும் அமேசானும் கொடுத்த புகார்களும் அதில் இருந்தன.

நிஜமாகவே வைரஸ் சந்தேகம் இருந்தால் விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் போதும். அதற்குமேல் வேண்டுமென்றால் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா இருக்கிறது. வைரஸ் நீக்கும் கருவிகளைக் காசில்லாமல் கொடுக்கிறார்கள். அதில் ஒன்று நம் சென்னைக் கம்பெனியான கே7 செய்தது. நம் வரிப்பணத்தில் நடப்பதை விட்டுவிட்டு, பேர் தெரியாதவனுக்கு டாலரில் கட்டுகிறோம்.

இனி பெங்களூர்த் தம்பிக்கு. தூக்கிப் போடச் சொன்னாயே, திறந்து பார்த்தாயா?

காரைக்குடி சுற்றுவட்டாரம் செம்மண் பூமி. கோவிலூரில் ஒரு வேனிற்காலம் ஜன்னல் திறந்திருந்தால் மேசைமேல் விரலால் பெயர் எழுதலாம். அந்தப் புழுதி கேபினட்டுக்குள் போய், பிராசஸர் மேலுள்ள அலுமினியத் தகடுகளுக்கும் மின்விசிறிக்கும் நடுவே கம்பளி மாதிரி படிந்துவிடும். காற்றுப் போகாது. சூடு 90, 100 டிகிரியை எட்டும்போது, எரிந்துவிடாமல் இருக்க பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 'ஸ்லோ' என்று நீங்கள் சொல்வதில் ஒரு பங்கு இதுதான். எந்த கிளீனர் மென்பொருள் வந்து இந்தப் புழுதியைத் துடைக்கும்?

நம் செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. முகப்பில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் வாசல்கள். முன்னால் நுழைந்த காற்று பின்னால் வெளியேற வேண்டும். கேபினட்டும் அதே கணக்குதான். அப்படிப்பட்ட வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, சிபியுவை மேசை அலமாரிக்குள் அடைத்து, மேலே பூப்போட்ட துணி வேறு போட்டு மூடுகிறோம்!

மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, திண்ணையில் வைத்துப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். காய்ந்த பெயின்ட் பிரஷ் ஒன்று, ஊதுவதற்கு புளோயர் ஒன்று. ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது வேகமாகச் சுற்றிக் கெட்டுவிடும். பல்லி முட்டை இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். லேப்டாப் என்றால் கடையில் கொடுத்து, பிராசஸர் மேலுள்ள தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். கண்முன்னால் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது ஹார்டு டிஸ்க். இங்கேதான் விஷயமே இருக்கிறது. சுழற்சி இயக்கம் நடத்தினேனே, கணக்குப் போடுங்கள். பழைய லேப்டாப் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று. நொடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. வேண்டிய தகவல் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், ஐந்தரை மில்லிநொடி. அந்தத் தலை உரிய தடத்துக்கு நகர இன்னும் பத்து மில்லிநொடி வைத்துக்கொள்ளுங்கள். ஆக அங்கங்கே சிதறிக் கிடக்கும் துண்டுகளை நொடிக்கு 60, 65 தான் எடுக்க முடியும். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கேட்கிறது. எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டு கிடையாது, நகரும் தலை கிடையாது. மலிவானதுகூட நொடிக்குப் பல ஆயிரம் துண்டுகளை எடுத்துத் தரும். பத்து வருடக் கணினிக்கு ஒரு எஸ்எஸ்டி மாட்டினால், எழ ஐந்து நிமிடம் எடுத்தது அரை நிமிடத்தில் எழுகிறது. புதுக் கணினியின் விலையில் இது சிறு பங்கு. ரேம் 4 ஜிபி இருந்தால் 8 ஆக்குங்கள். மாற்றும்முன் பேரன் பேத்தி போட்டோக்களை வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து வையுங்கள், இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

மென்பொருள் பக்கம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதியைத் திறந்து, கணினியோடு சேர்ந்து எழுபவற்றில் தேவையில்லாததை நிறுத்துங்கள். ஏதோ தளத்தில் 'அலோ' என்று அழுத்தியதால் மூலையில் எட்டிப் பார்க்கும் விளம்பரங்களை, பிரவுசரின் நோட்டிஃபிகேஷன் அமைப்பில் போய் அடைத்துவிடுங்கள். பெயர் தெரியாத எக்ஸ்டென்ஷன்களை நீக்குங்கள். டிஸ்க் நிரம்பியிருந்தால் விண்டோஸிலேயே ஸ்டோரேஜ் சென்ஸ் இருக்கிறது. இரண்டு ஆன்டிவைரஸ் வேண்டாம், ஒன்றையொன்று உற்றுப் பார்த்துக்கொண்டே நேரத்தைக் கழிக்கும்.

"விண்டோஸ் 10 முடிந்துவிட்டதே சார்" என்பான் தம்பி. உண்மை. 2025 அக்டோபர் 14உடன் அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது. 2017க்கு முன் வாங்கிய நல்ல கணினிகள் ஒரே நாளில் தீட்டாகிவிட்டன. திருத்தங்கள் வராத கணினியில் வங்கி வேலை செய்வது ஆபத்து என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆபத்து விண்டோஸுக்கு வந்தது, இரும்புக்கு வந்ததல்ல. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி முடிந்தபோது தமிழக அரசு தன் அலுவலகங்களைக் கணினிகளைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன. நம் பிள்ளைகளைவிட அந்தப் பிள்ளைகளுக்குக் கைகால் கூடுதலா? இணையம், கடிதம், யூடியூப், வீடியோ அழைப்பு, இதற்கு மேல் அப்பாக்கள் என்ன செய்கிறார்கள்? லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துவிட்டால் தமிழிலும் தட்டலாம், கிளீனர் வியாபாரியும் கிட்டே வரமாட்டான்.

2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்கள் எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். மதர்போர்டு போனதை விடுங்கள். டிஸ்க் மட்டும் போனது, பேட்டரி மட்டும் செத்தது, சார்ஜர் தொலைந்தது, இவை எல்லாம் இன்னொரு பிள்ளை டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கப் போதும்.

ஆச்சிகளையும் அப்பாக்களையும் போனில் திட்டுவதை நிறுத்துங்கள். திட்டினால் அடுத்த முறை அந்தச் சிவப்புத் திரை வரும்போது உங்களைக் கூப்பிட மாட்டார்கள், அதிலுள்ள நம்பரைத்தான் கூப்பிடுவார்கள். பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ வரும்போது ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி மேலே சொன்னதைச் செய்துவிட்டுப் போங்கள். ஸ்க்ரூடிரைவரும் பிரஷும் என்னிடம் இருக்கிறது. புளோயர் எதிர் வீட்டில் வாங்கிக்கொள்ளலாம். எஸ்எஸ்டி மட்டும் நீங்கள் வாங்கி வர வேண்டும். கீழே யாராவது கிளீனர் லிங்க் போட்டால், எந்த பேட்ச் என்று பார்க்காமல் அழித்துவிடுவேன்.