சுரங்கமும் சிற்றூர் விளக்கும்

பெருமாநல்லூரில் கிணற்று நீரை இறைப்பதும் மின்சாரம். பின்னலாடைப் பொறிகளை இயக்குவதும் மின்சாரம். இவ்வாற்றல் முதன்முதலில் ஊர் மக்களுக்காகவா உண்டாக்கப்பட்டது? இல்லை. தென்னாட்டில் அது பெருமளவில் முதலில் பொற்சுரங்கத்திற்காகவே உண்டாக்கப்பட்டது.

மைசூர் நாட்டுக் கோலார் சுரங்கங்கள் மிக ஆழமானவை. அங்கே நீராவிப் பொறிகளுக்கு வேண்டிய எரிபொருளுக்குப் பெருஞ்செலவு ஆயிற்று. ஆகவே, காவிரி அருவியாய் வீழும் சிவசமுத்திரத்தில் மைசூர் அரசு மின்நிலையம் நிறுவியது. 1902-ஆம் ஆண்டில் அங்கிருந்து ஏறத்தாழ 148 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே மின்சாரம் கோலாரை அடைந்தது. பெங்களூர் நகரம் 1905-இல் மின்னொளி பெற்றது. சிற்றூர்களோ நெடுங்காலம் அகல்விளக்கையே நம்பி வாழ்ந்தன.

இதற்காகச் சுரங்கத்தைப் பழித்தல் முறையன்று. மின்நிலையம் அமைக்கப் பெரும்பொருள் வேண்டும். இரவும் பகலும் மின்சாரத்தை வாங்கித் தவறாது பணம் செலுத்துவோர் இருந்தாலன்றி அம்முயற்சியில் எவரும் இறங்கார். கோலாரில் அவ்வாறு வாங்கியது சுரங்கம். 1932-இல் பைக்காரா மின்சாரம் தோன்றியபோது, கோவைப் பகுதியில் அந்நிலையை நூற்பாலைகள் பெற்றன. பெருந்தொழில் வழியைத் திறந்தது. ஆயினும் ஏழை உழவரின் கிணற்றுக்குக் கம்பியை இழுத்துவர வருவாய் நோக்கம் மட்டும் போதாது. பொதுநல நோக்கமும் வேண்டும்.

நாடு விடுதலை பெற்றபின் அந்நோக்கம் வலுப்பெற்றது. நெய்வேலியில் 1957-இல் சுரங்கப்பணி தொடங்கியது. அங்கு வெட்டிய பழுப்பு நிலக்கரி 1962 முதல் மின்சாரமாக மாறித் தமிழகத்திற்குப் பயன்பட்டது. கோலாரில் மின்சாரம் சுரங்கத்தை நாடிச் சென்றது. நெய்வேலியில் சுரங்கத்திலிருந்து மின்சாரம் ஊர்களை நாடி வந்தது. கிணற்றுப் பொறிகளுக்கு மின்சாரம் வழங்குவதில் அக்காலத்தே நம் மாநிலம் முன்னின்றது.

கம்பி வந்ததோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. உழவர் தாங்கும் விலையில் மின்சாரம் கிடைத்தல் வேண்டுமன்றோ? 1970-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து உழவர்கள் போராடினர். அப்போது பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிர்நீத்தனர். பின்னர் 1990-இல் தமிழக அரசு வேளாண்மைக்கு மின்சாரத்தை இலவசமாக்கியது.

மாணவர்களே! விலையின்றிக் கிடைப்பது மதிப்பின்றிக் கிடைப்பதன்று. மண்ணுக்கடியில் உழைத்தோர், சுரங்கத்திற்கு நிலம் ஈந்தோர், உரிமை கேட்டு மாண்டோர் ஆகிய அனைவரும் அதன் விலையைக் கொடுத்துள்ளனர். வேண்டாத விளக்கை அணைப்பதும், கிணறு வற்றுமளவு நீரை இறைக்காதிருப்பதும் நாம் அவர்களுக்குச் செலுத்தும் நன்றிக்கடனாகும்.