ஒருவர் ஊக்கமருந்து எடுத்தால் நாடே ஏன் வெளியே உட்கார வேண்டும்?

ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரிய கனம் ஒன்றும் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மலேசியாவின் அனிக் கஸ்டானுக்கும் வெண்கலப் பதக்கத்துக்கும் நடுவில் இருந்தது அவ்வளவுதான். ஆண்கள் 61 கிலோகிராம் பிரிவில் அவர் மொத்தம் 297 கிலோகிராம் தூக்கினார். மூன்றாவதாக வந்த அமெரிக்காவின் ஹாம்டன் மோரிஸ் தூக்கியது 298. அனிக்குக்கு நான்காம் இடம்.

அந்தப் போட்டியில் யார்மீதும் புகார் இல்லை. அதை இங்கே சொல்லக் காரணம் வேறு. பளுதூக்குதலில் வெற்றியும் தோல்வியும் எவ்வளவு நெருக்கம் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். புரிந்தால்தான் இந்த விளையாட்டை ஊக்கமருந்து ஏன் இப்படிப் பிடித்து ஆட்டுகிறது என்பதும் புரியும்.

மருந்து என்ன செய்கிறது?

அதிகம் பிடிபடுவது அனபாலிக் ஸ்டீராய்டு வகை. ஆண்களின் உடலில் அதிகம் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனைப் போலவே இவை வேலை செய்யும். தசை வேகமாக வளரும். கடுமையான பயிற்சி முடிந்து உடல் தேறுவதும் சீக்கிரம் நடக்கும். அதாவது, நீங்கள் வாரத்தில் 4 நாள் பயிற்சி செய்து களைத்துப்போனால், மருந்து எடுத்தவர் ஐந்தாவது நாளும் வந்து நிற்பார். இதயமும் கல்லீரலும் அதற்கு விலை கொடுக்கும். பெண்களுக்குக் குரல் தடித்துப்போகலாம். அது பழையபடி திரும்பாமலே போகலாம்.

எல்லாருமே ஸ்டீராய்டு எடுப்பதில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற கிர்கிஸ்தான் வீரர் இஸ்ஸத் ஆர்ட்டிகோவின் உடலில் கண்டுபிடிக்கப்பட்டது ஸ்ட்ரிக்னின். எட்டிமரக் கொட்டையில் இருக்கும் அதே நஞ்சுதாங்க! மிகச் சிறிய அளவில் அது நரம்புகளைத் தூண்டிவிடும் என்று நூறு ஆண்டுக்கு முன்பே ஓட்டக்காரர்கள் சிலர் நம்பி எடுத்ததுண்டு. அவரது பதக்கம் பறிபோனது.

லண்டனில் ஒன்பதாவது, வீட்டுக்கு வந்தது வெண்கலம்

ஒலிம்பிக்கில் எடுக்கப்படும் சிறுநீர், ரத்த மாதிரிகளைக் குப்பையில் போட்டுவிடுவதில்லை. உறையவைத்து வைத்திருப்பார்கள். இப்போதைய விதிப்படி 10 ஆண்டுவரை மறுபடியும் பரிசோதிக்கலாம். சோதனைமுறை மேம்பட மேம்பட, அன்று தப்பியவர்கள் பின்னால் மாட்டுவார்கள்.

ரியோவுக்கு முன்பு அனைத்துலக ஒலிம்பிக் குழு, 2008 பெய்ச்சிங், 2012 லண்டன் மாதிரிகளை மறுபடியும் வெளியே எடுத்தது. துரினபோல் என்ற மருந்து கிழக்கு ஜெர்மனி காலத்துப் பழைய சரக்கு. முன்பெல்லாம் அதை எடுத்த கொஞ்ச நாளில் தடயம் மறைந்துவிடும். புதிய முறையிலோ நெடுநாள் கழித்தும் தெரியும். விளைவு? பளுதூக்குதலில் மட்டும் 50 பேருக்கும் மேல் சிக்கினார்கள். பெய்ச்சிங்கில் தங்கம் வென்ற மூன்று சீன வீராங்கனைகளும் அதில் அடக்கம். கஸக்ஸ்தானின் நாயகன் இலியா இலின் தமது இரண்டு ஒலிம்பிக் தங்கத்தையும் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது.

இலின் வென்ற லண்டன் 94 கிலோகிராம் பிரிவின் கதையை மட்டும் கேளுங்கள். தங்கம், வெள்ளி, வெண்கலம் வென்ற மூவரும் தகுதி இழந்தார்கள். நான்காவதாக வந்தவரும் போனார். ஐந்தாவதாக வந்த ஈரானின் சயீத் முகம்மத்பூருக்குத் தங்கம். எட்டாவதாக வந்த தென்கொரியாவின் கிம் மின் ஜேவுக்கு வெள்ளி. ஒன்பதாவதாக வந்த போலந்தின் தோமாஸ் ஸெலின்ஸ்கிக்கு வெண்கலம். சரி, கடைசியில் நியாயம் கிடைத்துவிட்டது என்கிறீர்களா? அந்த ஸெலின்ஸ்கியே ரியோவில் நான்ட்ரலோன் என்ற ஸ்டீராய்டு சோதனையில் சிக்கி, போட்டியிடாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

என்னைக் கேட்டால், பதக்கம் பறிபோனவர்களைவிட அது தாமதமாகக் கிடைத்தவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசவேண்டும். கனடாவின் கிறிஸ்டின் ஜிரார்ட் பெய்ச்சிங்கில் நான்காவது, லண்டனில் மூன்றாவது. மறுசோதனைக்குப் பிறகு பெய்ச்சிங் வெண்கலமும் லண்டன் தங்கமும் அவருடையதாயின. இரண்டையும் அவர் கையில் வாங்கியது 2018 டிசம்பரில். அதற்குள் அவர் விளையாட்டிலிருந்தே விலகிவிட்டார். தங்கம் வென்றவர் என்ற பெயரோடு விளம்பரதாரர்களைத் தேடியிருக்க வேண்டிய ஆண்டுகள் போனது போனதுதான். தபாலில் பதக்கம் வரலாம். அந்த மேடையும் நாட்டுப்பண்ணும் வராது.

காவல்காரர் யார் பக்கம்?

ஆட்டக்காரர்கள் மட்டும் தவறு செய்திருந்தால் கதை இவ்வளவு நீண்டிருக்காது. 2020 ஜனவரியில் ஜெர்மானிய ஒளிபரப்பு நிறுவனம் ஏஆர்டி ஓர் ஆவணப்படம் வெளியிட்டது. அதன்பின் நடந்த விசாரணையை கனடிய வழக்கறிஞர் ரிச்சர்ட் மெக்லேரன் நடத்தினார். அவர் அறிக்கை சொன்னது: அனைத்துலகப் பளுதூக்கும் சம்மேளனத்தின் கணக்கில் 10.4 மில்லியன் டாலருக்கு விவரம் இல்லை. ஊக்கமருந்து உறுதியான 40 சோதனை முடிவுகள் மறைக்கப்பட்டிருந்தன. 1976 முதல் சம்மேளனத்தைக் கையில் வைத்திருந்த ஹங்கேரியின் தமாஷ் அயான் பதவி விலகினார்; 2022இல் வாழ்நாள் தடையும் வந்தது. இப்போது சோதனைகளைச் சம்மேளனம் நடத்துவதில்லை. அனைத்துலகப் பரிசோதனை அமைப்பு என்ற தனி அமைப்பு நடத்துகிறது.

நம் வட்டாரத்துக்கு வந்த தண்டனை

இனி தலைப்பில் இருக்கும் கேள்வி. ஒரு நாட்டில் ஊக்கமருந்துச் சம்பவங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால், அந்த நாட்டின் சங்கத்தையே தடை செய்யலாம் என்கிறது பளுதூக்குதல் விதி. 2017இல் ரஷ்யா, சீனா, கஸக்ஸ்தான் உள்ளிட்ட ஒன்பது நாடுகள் ஓராண்டு வெளியே நின்றன. 2020 ஏப்ரலில் தாய்லந்துக்கு மூன்றாண்டு, மலேசியாவுக்கு ஓராண்டு. இரு நாட்டுக்கும் தோக்கியோ ஒலிம்பிக் வாசல் சாத்தப்பட்டது.

அந்தத் தோக்கியோ போட்டியில்தான் பிலிப்பீன்ஸின் ஹிடிலின் டியாஸ் தமது நாட்டுக்கு வரலாற்றிலேயே முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். 55 கிலோகிராம் பிரிவில் அவர் தூக்கியது மொத்தம் 224 கிலோகிராம், சீனாவின் லியாவ் சியூயுன் 223. மறுபடியும் ஒரே கிலோ! அவர் எங்கே தயாரானார் தெரியுமா? மலேசியாவில். பயிற்சிக்காக வந்தவர் கிருமிப்பரவலால் திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டார். மூங்கில் கம்பில் பெரிய தண்ணீர்ப் புட்டிகளை மாட்டித் தூக்கினார். பிறகு மலாக்காவில் தங்கிப் பயிற்சியைத் தொடர்ந்தார். மலேசிய மண்ணில் தயாரானவர் தங்கம் வாங்க, மலேசியப் பளுதூக்கும் வீரர் ஒருவர்கூட அந்த அரங்கில் இல்லை.

மருந்தைத் தொடவே தொடாத ஓர் இளையர் அப்போது மலேசிய அணியில் இருந்திருந்தால்? அவர் செய்த குற்றம் என்ன? இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் கிடையாது. அயலவர் மருந்து எடுத்தால் அவர் பதக்கம் போகும். சக ஆட்டக்காரர் மருந்து எடுத்தால் அவர் போட்டியே போகும். எப்படிப் பார்த்தாலும் அடி அவருக்குத்தான்.

ஆனாலும் இந்த விதி தேவை என்றே நினைக்கிறேன். 2018 உலக வெற்றியாளர் போட்டியில் கலந்துகொண்ட தாய்லந்து அணியில் ஒன்பது பேர் பிடிபட்டார்கள், ரியோவில் தங்கம் வென்றவர் உட்பட. ஒரே அணி, ஒரே பயிற்சிக்கூடம், ஒன்பது பேர். தனித்தனியாக ஒன்பது பேருக்குப் புத்தி கெட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? பயிற்றுவிப்பாளர், மருத்துவர், நிர்வாகி என யாரோ ஒருவருக்காவது தெரியாமல் அது நடக்காது. ஆட்டக்காரரை மட்டும் தண்டித்தால் அவர்கள் அடுத்த தொகுதிப் பிள்ளைகளோடு வேலையைத் தொடரலாம். சங்கத்துக்கே அடி விழுந்தால்தான் உள்ளே கேள்வி எழும். 2019 உலகப் போட்டியைப் பட்டாயாவில் ஏற்று நடத்திய தாய்லந்து, தன் வீரர்களை மேடையேற்றாமல் வேடிக்கை பார்த்தது. தடை முடிந்து பாரிஸுக்கு வந்தபோது இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம்.

விதியில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். பல மாதங்கள் தொடர்ந்து சோதிக்கப்பட்டு, சுத்தம் என்று நிரூபித்தவர்களை நடுநிலைக் கொடியின்கீழ் அனுமதிக்கலாமே? மற்ற சில விளையாட்டுகளில் அப்படி வழி இருக்கிறது.

ஒலிம்பிக் குழுவின் பொறுமையும் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ரியோவில் 260 பளுதூக்கும் வீரர்களுக்கு இடம் இருந்தது, தோக்கியோவில் 196, பாரிஸில் 120. பிரிவுகளும் 15இலிருந்து 10ஆகக் குறைந்தன. 1960இல் ரோமில் சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தை டான் ஹாவ் லியாங் வாங்கித் தந்தது இந்த விளையாட்டில்தான். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கின் முதல் பட்டியலில் அதன் பெயரே இல்லை. 2023 அக்டோபரில்தான் மீண்டும் சேர்த்தார்கள். அங்கே ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 6 எனப் பிரிவுகள் 12ஆகின்றன.