கூட்டாளி எப்படிப் பகையாளி ஆகிறான்?



சண்டை நடக்கும்வரை அண்ணன் தம்பிபோல் இருந்த வல்லரசுகள், சண்டை முடிந்ததும் ஒருவர் குரல்வளையை ஒருவர் பிடிப்பானேன் என்று தோழர்கள் பலர் நம்மைக் கேட்கிறார்கள். ஜோசியரைக் கேட்டால் கிரகக் கோளாறு என்பார். பண்டிதரைக் கேட்டால் கலிகாலம் என்பார். மற்றும் சிலர் மதத் துவேஷம் என்பார்கள். இம்மூன்றும் எவ்வளவு பெரிய புரட்டு என்பதற்கு நமது சிதம்பரமும் கடலூருமே போதிய சாட்சி என்போம்.

ஹைதர் அலியும் இங்கிலீஷ் கும்பினியாரும் 1769ல், ஒருவரைப் பிறர் தாக்கினால் மற்றவர் உதவுவது என்று உடன்படிக்கை செய்துகொண்டார்கள். இரண்டே வருஷத்தில் மராட்டியர் மைசூரின்மேல் பாய்ந்தார்கள். கும்பினியார் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். பிறகு நடந்ததென்ன? 1780ல் ஹைதர், தம்மை அடித்த அதே மராட்டியரோடும் நிஜாமோடும் கும்பினியாருக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்தார்!

1781 ஜூனில் சிதம்பரம் கோயிலே ஹைதருக்குக் கோட்டையாக இருந்தது. அதைத் தாக்கிய ஜெனரல் கூட் தோற்றுத் திரும்பினார். இந்துக் கோயில் மதிலுக்குள் முஸ்லிம் அரசரின் பட்டாளம்! அடுத்த வருஷம் கிறிஸ்தவ பிரெஞ்சுக்காரர் அந்த முஸ்லிம் அரசரோடு சேர்ந்து கிறிஸ்தவ இங்கிலீஷ்காரரிடமிருந்து கடலூரைப் பிடித்தார்கள். முஸ்லிமான ஆற்காட்டு நவாப்போ இங்கிலீஷ்காரர் பக்கம். இதில் மதம் எங்கே இருக்கிறது என்று கேட்கின்றோம்.

இனி அந்தக் கூட்டின் யோக்கியதையைப் பாருங்கள். 1783 ஜனவரி 20ந் தேதியே இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் ஐரோப்பாவில் பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்திட்டுவிட்டார்கள். கப்பலில் சேதி வந்து சேர ஜூன் கடைசி ஆயிற்று. அதற்குள் ஜூன் 13ந் தேதி கடலூரில் பெரும் போர் நடந்து ஏராளமானவர்கள் மாண்டார்கள். எஜமானர்கள் முடித்துக்கொண்ட சண்டைக்காக நமது நாட்டுச் சிப்பாய்களும் உயிரைக் கொடுத்தார்கள்! சேதி வந்ததும் பிரெஞ்சுக்காரர் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். ஹைதரின் மகன் திப்பு மங்களூர் முற்றுகையில் தனியே விடப்பட்டார்.

ஹைதரோடு கூட்டுச் சேர்ந்த நிஜாமும் மராட்டியரும் 1790ல் இங்கிலீஷ்காரரோடு சேர்ந்து திப்புவை அடித்தார்கள். 1792ல் அவர் ராஜ்யத்தில் பாதியைப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1799ல் திப்பு மாண்டார். மராட்டியருக்கும் கும்பினியாருக்கும் பொது எதிரி ஒழிந்தான். 1803ல் அவர்களுக்குள்ளேயே சண்டை மூண்டது. 1818ல் பேஷ்வாவின் ஆட்சியே போயிற்று. கடைசிவரை விசுவாசமாக இருந்த ஆற்காட்டு நவாப் வம்சத்தின் கதியாவது மேலா? 1801ல் நமது தென்னாற்காடு உட்பட அவர்களுடைய நாடு முழுவதையும் கும்பினியார் எடுத்துக்கொண்டார்கள்.

1941ல் ஜெர்மனி ருஷியாவைத் தாக்கியதும் பொதுவுடைமையைப் பரம விரோதியாகக் கருதிய சர்ச்சில் ருஷியாவுக்குக் கை கொடுத்தார். 1945ல் ஹிட்லர் ஒழிந்தான். 1946லேயே அதே சர்ச்சில் "இரும்புத்திரை" என்று ருஷியாவைத் தூற்றினார். 1949ல் ருஷியாவுக்கு எதிராக நேட்டோ பிறந்தது. கடலூரில் நடந்ததுதான் பெர்லினிலும் நடந்தது.

ஆகவே, வல்லரசுகளைச் சேர்த்து வைப்பது பொது எதிரியின் பயம். எதிரி ஒழிந்தால் பயம் ஒழிகிறது. பயம் ஒழிந்தால் பங்குச் சண்டை ஆரம்பமாகிறது. பக்கத்தில் ஆயுதத்தோடு நிற்கும் நேற்றைய கூட்டாளியே இன்றைய பயத்துக்குக் காரணமாகிறான். இதற்குச் சனியும் ராகுவும் எதற்கு?

மதத்தின் பேராலோ, தர்மத்தின் பேராலோ எந்த அரசு உங்களை யுத்தத்துக்கு அழைத்தாலும், "ஜெயித்தபின் யாருக்கு என்ன பங்கு? சாகப்போவது யார் பிள்ளை?" என்று முதலில் கேளுங்கள். கடலூர் மண்ணில் மாண்ட சிப்பாய் அதைக் கேட்கவில்லை. கேட்க அவனுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவுமில்லை. நீங்களாவது கேட்க வேண்டாமா?