குடியிருப்புக்குள் ஓர் ஆசிரியை வேண்டும்

கோர்வைப் பட்டுச் சேலை எப்படி நெய்யப்படுகிறது என்று தெரிந்துகொண்டால், காஞ்சிபுரத்துக் குழந்தைகள் ஏன் அத்தனை காலம் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள் என்பதும் விளங்கிவிடும். உடலுக்கு ஒரு நிறம், இரண்டு கரைகளுக்கும் வேறு நிறம் என்று நெய்வதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளர் ஒருவரால் மூன்றையும் தனியாக ஓட்ட முடியாது. ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ளிக்கொடுக்க அருகில் இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த இடத்தில் பெரும்பாலும் உட்கார்ந்தது ஒரு சிறுவன் அல்லது சிறுமி. பெற்றோர் தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தீரும்வரை பிள்ளை அந்த இடத்தைவிட்டு எழ முடியாது. பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் பதிவுசெய்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. ஆனால், குடும்பத்தினர் சேர்ந்து செய்யும் வேலைக்கு அது விலக்கு அளித்தது. வீட்டுக்குள் தறி இருக்கும் ஊரில் அந்த விலக்கு எவ்வளவு பெரிய ஓட்டை என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு நிலைமை மாறியது. ஆனால், பள்ளிக்கூடம் கட்டியதாலோ முதலாளிகளுக்கு அபராதம் விதித்ததாலோ மட்டும் அது மாறவில்லை. 2002இல் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட ஹேண்ட் இன் ஹேண்ட் அமைப்பு, தறியிலிருந்த பிள்ளைகளைப் படிப்புக்குக் கொண்டுவரும் வேலையோடு, தாய்மார்களுக்குச் சுயஉதவிக் குழு, கடன், சிறுதொழில் ஆகியவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. பிள்ளையின் கூலிக்கு ஈடாகத் தாயின் கையில் ஏதாவது வராவிட்டால், இன்று பள்ளிக்கு வந்த பிள்ளை நாளை தறிக்குத் திரும்பிவிடும் என்ற அனுபவ அறிவு அதில் இருந்தது. வறுமையின் நடுவே கற்றல் மையம் தொடங்கும் எவரும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்: எழுத்தறிவின்மையைவிட, குழந்தையின் நேரத்தை ஏற்கெனவே விலைக்கு வாங்கிவைத்திருக்கும் கடனே பெரிய தடை. அந்தக் கடனோடும் குடும்பத்தோடும் அரசு அலுவலகத்தோடும் பேசத் தெரியாத மையம் வெறும் மாலை நேர டியூஷனாக நின்றுவிடும்.

இதை நாட்டிலேயே ஆகக் கடினமான களம் ஒன்றில் செய்துகாட்டியவர் சுதா வர்கீஸ். கேரளத்தின் கோட்டயம் பகுதியில் பிறந்து, கிறிஸ்தவத் துறவியாக பிகாருக்குப் போனவர். அங்கே பட்டியல் சாதிகளிலும் அடிமட்டத்துக்குத் தள்ளப்பட்ட, நிலமற்ற முசகர் மக்களைக் கண்டார். எலி பிடித்து உண்பவர்கள் என்ற இழிபெயரே அவர்களுக்குச் சாதிப் பெயராக நிலைத்துவிட்டது. சுதா அவர்களுக்காகத் தொலைவில் ஒரு பள்ளி கட்டவில்லை. 1980களில் பாட்னாவை அடுத்த தானாப்பூர் வட்டாரத்தின் ஜம்சௌத் கிராமத்தில், முசகர் குடியிருப்புக்குள்ளேயே குடியேறினார். 1987இல் ‘நாரி குஞ்சன்’ அமைப்பைத் தொடங்கி, சிறுமிகளுக்கான கற்றல் மையங்களைக் குடியிருப்புகளுக்கே கொண்டுபோனார். சைக்கிளிலேயே ஊர் ஊராகச் சென்றதால் ‘சைக்கிள் அக்கா’ என்று அம்மக்கள் அழைத்தார்கள்.

ஆனால், அவருடைய பணியில் என்னை மிகவும் யோசிக்கவைப்பது அவர் சட்டம் படித்ததுதான். பாலியல் வன்முறைக்கு ஆளான முசகர் பெண்களின் புகார்களைக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கொண்டுபோக ஆள் இல்லை என்று கண்டு, அவரே அந்தப் படிப்பைப் படித்தார். அதற்காக ஆதிக்கச் சாதியினரின் மிரட்டல்களைச் சந்தித்தார். எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்தவருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். வழியில் பாதுகாப்பில்லாத சிறுமி எந்த வகுப்புக்கும் வரமாட்டாள் என்பதே பதில். பின்னர் தானாப்பூரில் ‘பிரேரணா’ என்னும் உறைவிடப் பள்ளி உருவாகி, அந்தச் சிறுமிகள் தொடர்ந்து படிக்க வழி பிறந்தது. 2006இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பிகாரின் கதை காஞ்சிபுரத்துக்கு எதற்கு? முசகர்களின் நிலைக்கு மிக அருகில் இருப்பவர்கள் நம் வடமாவட்டங்களின் இருளர்கள். அவர்களும் வயல் எலி பிடித்து, கூலிக்கு உழைத்து, ஏரிக்கரைகளிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டு வாழ்பவர்கள். பாம்பு பிடிக்கும் அவர்களின் அறிவைத்தான் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் கூட்டுறவுச் சங்கம் நஞ்சுமுறிவு மருந்துக்குப் பயன்படுத்துகிறது; அவர்களில் இருவர், மாசி சடையனும் வடிவேல் கோபாலும், 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அதே மக்களில் 42 பேர் 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம்வெட்டும் களங்களிலிருந்து கொத்தடிமைகளாக மீட்கப்பட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்த படம் நாடெங்கும் வெளியானது. மீட்கப்பட்டவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

அரசுப் பள்ளி, மதிய உணவு, இலவசப் பாடநூல் எல்லாம் இருக்கும் தமிழ்நாட்டில் தனியாக ஒரு கற்றல் மையம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. பள்ளிக்கு மாற்றாக எதுவும் வரக் கூடாது என்பதே என் நிலையும். ஆனால், மழைக்காலம் முடிந்து செங்கல் சூளைக்குப் போகும் குடும்பம், அடுத்த மழை வரும்போதுதான் ஊர் திரும்புகிறது. கல்வியாண்டின் நடுவில் போன பிள்ளை எந்த வகுப்பில் விட்டது, எதை மறந்தது என்று தெரிந்துவைத்திருக்க யாரும் இல்லை. பழங்குடிச் சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியரிடமிருந்து வர வேண்டும். அது இல்லாமல் உதவித்தொகையும் இல்லை, மேற்படிப்புக்கான இடஒதுக்கீடும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் கூலியை விட்டுவிட்டு எத்தனை முறை அந்த அலுவலகத்துக்கு நடப்பார்கள்? ஐம்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஊராட்சிப் பள்ளி ஆசிரியரிடம் இதையும் சுமத்த முடியாது. குடியிருப்பிலேயே இருக்கும் ஒருவரால் முடியும். பள்ளிக்கும் குடிசைக்கும் இடையே விழுந்துகிடக்கும் அந்தத் தூரத்தைக் கடப்பதுதான் மையத்தின் வேலை.

இன்னொரு ஆட்சேபம் மதம் பற்றியது. கோயில்கள் நிறைந்த காஞ்சிபுரத்தில், சுதாவைப் போல ஒரு கிறிஸ்தவப் பெண் ஏழைக் குழந்தைகளைக் கூட்டிவைத்தால் சந்தேகம் எழும். இந்தச் சந்தேகத்தைப் பகைமை என்று ஒதுக்கிவிடுவது சரியல்ல; அதற்கு வரலாறு உண்டு. 1889இல் பண்டிதை ரமாபாய் விதவைகளுக்காகத் தொடங்கிய சாரதா சதனத்தில், சில மாணவிகள் அவருடைய கிறிஸ்தவ வழிபாட்டில் கலந்துகொண்டதை ஒட்டி 1893இல் புணேயில் பெரும் சர்ச்சை வெடித்தது. ஆதரவாக இருந்த ரானடே, பண்டார்கர் போன்ற சீர்திருத்தவாதிகள் விலகினார்கள்; பல குடும்பங்கள் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. உணவும் இடமும் கொடுப்பவரிடம் ஏழைக்கு மறுத்துப் பேசும் பலம் குறைவு. ஆகவே, வழிபாட்டையும் வகுப்பையும் கலக்காமல் இருப்பது தொடங்குபவரின் கடமை. அதே அளவுக்கு இன்னொன்றும் உண்மை. ஸ்காட்லாந்து மிஷன் வழியாக வந்த ஆண்டர்சன் பள்ளி காஞ்சிபுரத்தின் பொதுச் சொத்தாகவே மதிக்கப்படுகிறது. தொடங்குபவரின் நம்பிக்கை அவரை ஏழைகளிடம் கொண்டுவந்து சேர்க்கலாம். அதை வைத்து அவரை விரட்டுவது அந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் அநீதி. குழந்தையிடம் அவர் கேட்பது என்ன என்பதை மட்டும் பார்த்து எடைபோட வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை என்றால் ஊர் அவருக்குக் கதவு திறக்கலாம்.

மூன்றாவது ஆட்சேபம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது: இத்தகைய மையங்கள் ஒரு மனிதரின் ஆயுளோடு முடிந்துவிடுகின்றன. தியாகிகளை நம்பி ஒரு மாநிலம் கல்வி நடத்த முடியாது. இதற்கான விடையின் பாதியைத் தமிழ்நாடு ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டது. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, அந்தந்தக் குடியிருப்பிலேயே வாழும் தன்னார்வலர்களை, பெரும்பாலும் பெண்களை, மாலை நேர வகுப்புக்கு அழைத்தது. பெருந்தொற்றில் பள்ளியை மறந்த பிள்ளைகளைத் தெருவிலேயே சந்தித்தது. ஆனால், அவர்களுக்குத் தரப்பட்டது மாதம் 1,000 ரூபாய். அந்தத் தொகைக்கு மாலையில் ஒன்றரை மணி நேரம் பாடம் சொல்லிக்கொடுக்கச் சொல்லலாம். சூளை முதலாளியின் கணக்கைத் தட்டிக்கேட்கவும், சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நாள் முழுக்க நிற்கவும், காணாமல்போன பிள்ளையைத் தேடிப் பக்கத்து மாவட்டம்வரை போகவும் சொல்ல முடியாது. சுதா வர்கீஸ் செய்தது அந்த இரண்டாவது வேலை.

அந்த வேலையை அரசு ஒரு பதவியாக அறிவிக்க வேண்டும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் ஒவ்வொரு இருளர் குடியிருப்புத் தொகுதிக்கும், பள்ளிப் படிப்பை முடித்த இருளர் பெண் ஒருவரை, மாதச் சம்பளத்தோடும் பணிப் பாதுகாப்போடும் நியமிக்கலாம். எட்டாவதோ பத்தாவதோ முடித்தவர்தான் கிடைக்கிறார் என்றால் அவரையே எடுத்துப் பயிற்சி கொடுக்கலாம். சூளைக்குப் போகும் குடும்பங்களின் பட்டியல் அவரிடம் இருக்க வேண்டும்; பிள்ளை எந்த மாவட்டத்துக்குப் போனாலும் அங்குள்ள பள்ளிக்கு அவர் தகவல் சொல்ல வேண்டும்; அவர் எழுதித் தரும் மனுவுக்குக் கோட்டாட்சியர் அலுவலகம் குறித்த நாளுக்குள் பதில் தர வேண்டும். கல்வித் துறை, பழங்குடியினர் நலத் துறை, வருவாய்த் துறை மூன்றும் சேர்ந்து ஒரே அரசாணையில் இதைச் செய்துவிடலாம். அடுத்த சூளைப் பருவம் தொடங்குவதற்கு முன் அந்த ஆணை வர வேண்டும்.