பிள்ளைத்தாச்சிக்கு இரண்டு பாய் இடம்

மாரியில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடிவிட்டால் அப்பாலுள்ள ஊர்களுக்குத் தோணிதான் வழி என்பதை நாம் அறிவோம். 2007இல் போர் படுவான்கரை மக்களை விரட்டியபோதும், 2011 ஜனவரி வெள்ளத்தின்போதும் எம்மவர் பாடசாலைகளிலும் கூடாரங்களிலுமே படுத்தெழும்பினர். இப்படியான தங்குமிடங்களில் இடம் பிரிக்கும்போது தலைக்கு ஒரு பாய் என்றே கணக்கிடப்படுகிறது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு இந்தக் கணக்குச் சரிவராது என்பதே எமது கருத்து.

கடைசி மூன்று மாதங்களில் மல்லாந்து படுத்தால், கருப்பையின் பாரம் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய இரத்தக் குழாயை அழுத்துகிறது. பிள்ளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2019இல் வெளியான ஆய்வின்படி, 28 வாரங்களுக்குப் பின் மல்லாந்து உறங்கப் போவோருக்குப் பிள்ளை வயிற்றிலேயே இறக்கும் வாய்ப்பு, இடப்பக்கம் சரிந்து படுப்போரைவிடச் சுமார் 2.6 மடங்கு. வலப்பக்கமும் இடப்பக்கத்தைப் போலவே பாதுகாப்பானது. நித்திரையில் தானாக மல்லாந்துவிட்டால் பயம் வேண்டாம். விழித்ததும் சரிந்தால் போதும்.

'படுத்தபடியே புரண்டால் கொடி சுற்றும், எழும்பி இருந்து மற்றப் பக்கம் படு' என்று மூத்தவர்கள் சொல்வதுண்டு. கொடி சுற்றுவது பிள்ளை உள்ளே அசைவதால். தாய் புரள்வதால் அல்ல. பாவம், இதற்காகவே இரவெல்லாம் எழும்பி எழும்பி நித்திரை கெடுபவர்கள் எத்தனை பேர்!

ஆனால் சீமெந்துத் தரையில் சரிந்து படுத்தால் தோளும் இடுப்பும் நோகும். அவள் மீண்டும் மல்லாந்துதான் படுப்பாள். ஆகவே அறிவுரை மட்டும் போதாது. பாயின் கீழே பழஞ்சேலைகளை மடித்து விரியுங்கள். முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணை, வயிற்றின் கீழே மடித்த சாரம், முதுகுக்குப் பின்னே ஒரு துணி மூட்டை. இதற்கெல்லாம் இரண்டு பாய் அகலம் வேண்டும். சுவரோரமாக, மலசலகூடத்துக்குப் பிறரை மிதிக்காமல் போகக்கூடிய இடமாக, மறைப்புக்கு ஒரு சேலை கட்டியதாக இருக்கட்டும். பலர் நடுவே காலை மடித்துப் படுக்க யாருக்குத்தான் கூச்சம் இராது?

தங்குமிடக் குழுக்களில் இருப்போர் பெரும்பாலும் ஆண்கள். அவர்களிடம் போய் அவள் இடம் கேட்கமாட்டாள். கர்ப்பிணிகளின் விபரம் குடும்பநல மாதுவிடம் இருக்கும். முதல் நாளே கேட்டறிந்து, மற்றவர்கள் பாய் விரிக்குமுன் இடத்தை ஒதுக்குங்கள். பிள்ளையின் அசைவு குறைந்ததாக அவள் சொன்னால், எப்படிப் படுத்தாள் என்று விசாரித்துக்கொண்டிராமல், இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். தோணிக்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.